கிணிங் சாரும் ஊமைச் சீட்டுகளும்

எங்கள் ஏலக் கடையில் அவருடைய பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் கிணிங் சார். போன் சைனா என்னும் மெல்லிய பீங்கான் கோப்பையை இடது கையின் ஐந்து விரல் நுனிகளில் நிறுத்தி, வலது கை நடுவிரல் நகத்தால் விளிம்பில் ஒரு சுண்டு சுண்டுவார். நல்ல கோப்பை 'கிணிங்' என்று தொடங்கி, அந்த ஓசையை இழுத்துக்கொண்டே போகும். விரிசல் விட்ட கோப்பை 'டொக்' என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அப்படிப்பட்டதை அவர் ஊமை என்பார். அவர் ஊமை என்று சொல்லிவிட்டால் மஞ்சள் சீட்டு ஒட்ட வேண்டும். மஞ்சள் சீட்டு ஒட்டிய கோப்பையை ஏலத்துக்கு வரும் வியாபாரிகள் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். பூந்தொட்டிக்குப் பக்கத்தில் வைக்க யாராவது கேட்டால் உண்டு.

நான் அங்கே விவரம் எழுதுபவனாகச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே அதை எழுதியிருந்தேன். அதனால்தானோ என்னவோ, சேர்ந்த மறுநாளே பேக்கிங் அண்ணன் எனக்கு டிகிரி என்று பெயர் வைத்துவிட்டார். கிணிங் சார் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். ஏலப் பட்டியலில் அச்சாவது என் வாக்கியம், அதற்குள் இருக்கும் தீர்ப்பு அவருடையது. இப்படி ஒரே மேசையில் எதிரெதிரே இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தோம்.

அவர் பொருளைப் பார்க்கும் விதத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் எடை. போன் சைனா கைக்கு வரும்போது நாம் எதிர்பார்த்ததைவிட இலேசாக இருக்க வேண்டும். அடுத்து வெளிச்சம். ஜன்னலுக்கு நேரே பிடித்து, உள்ளே விரலை ஆட்டுவார். களிமண்ணோடு எலும்புச் சாம்பலும் சேர்ந்து வெந்த பொருள் அது. பாலாடை போல வெளிச்சத்தை உள்ளே விடும், விரலின் நிழல் வெளியே தெரியும். பிறகு பூதக்கண்ணாடி. பூ வேலையில் தூரிகை இழுத்த கோடு தெரிந்தால் கையால் தீட்டியது. புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. விளிம்பின் தங்கக் கோடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, அடியிலுள்ள முத்திரை எந்தக் காலத்தது, எல்லாம் பார்ப்பார். சந்தேகம் வந்தால் விளிம்பை முன்பல்லில் மெதுவாகத் தேய்ப்பார். ஒட்டிப் பூசிய இடம் பல்லுக்கு மெத்தென்று இருக்குமாம். கடைசியில் காது. கண்ணையும் பல்லையும் ஏமாற்றிய மயிரிழை விரிசல்கூட அவர் காதிடம் மாட்டிக்கொள்ளும்.

"மத்த எல்லாரும் சாட்சிதான் டிகிரி," என்பார். "ஜட்ஜ் இவர்தான்," என்று வலது காதைத் தொட்டுக் காட்டுவார்.

வேலைக்கு வெளியே அவரைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. மனைவி இறந்து பதினொரு ஆண்டுகள். மகள் தொலைவில் இருந்தாள், வாரம் ஒருமுறை செய்தி எழுதி அனுப்புவாள், இவரும் எழுதி அனுப்புவார். மாடியில் ஒற்றை அறை. ராத்திரிச் சாப்பாடு தெருமுனைக் கடையில். அங்கே அவர் உட்கார்ந்ததுமே தட்டு வந்துவிடும், என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஏலக் கடையில் நாங்கள் வாயடித்துக்கொண்டிருக்கும்போதும் அவர் பாட்டுக்கு ஒரு கோப்பையைத் துடைத்துக்கொண்டிருப்பார். கோப்பை பேசினால் அதற்குப் பதில் சொல்வார், "அப்படிச் சொல்லு" என்று. நாங்கள் பேசினால் சிரிப்பதோடு சரி.

அந்த ஆண்டு மழை ஓய்ந்த பிறகு மஞ்சள் சீட்டு அதிகமாகத் தொடங்கியது. நான் அதைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். அவர் சுண்டுவார், என் காதில் கிணிங் என்று விழும். அவர் முகம் சுருங்கும். இன்னொரு முறை சுண்டுவார். "ஊமை," என்பார். நான் 'மயிரிழை விரிசல் இருக்கக்கூடும்' என்று எழுதுவேன்.

எழுதும்போது கை ஒரு நொடி நிற்கும். பிறகு எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்: தகரக் குவளையில் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் நீ, இந்தச் சாமானையே இங்கே வந்துதான் பார்த்தாய், இந்த மனிதர் முப்பது ஆண்டுகளாகக் கேட்கிறார், உன் காதில் விழாத ஏதோ ஒன்று அவர் காதில் விழுகிறது. இப்படிச் சொல்லிக்கொண்டால் மனசுக்குச் சமாதானமாக இருக்கும். வேலையும் நடக்கும்.

இன்னொன்றும் கவனித்தேன். பெரிய தட்டுகள், தேநீர்க் கூஜாக்கள் எல்லாம் தேறின. மெல்லிய கோப்பைகள்தான் மாட்டிக்கொண்டன. "இப்ப வர்ற கோப்பை எதுவுமே சரியில்ல. எல்லாரும் கழுவத் தெரியாம கழுவுறாங்க," என்று அவர் அலுத்துக்கொண்டார். பேக்கிங் அண்ணன் மஞ்சள் சீட்டுக் கட்டு தீர்ந்துபோய் இரண்டாவது கட்டு வாங்கி வந்தபோது, "சார், இப்படியே போனா அடுத்து எங்களுக்கும் ஒட்டிருவீங்க போல," என்றார். சார் வழக்கம்போல் சிரித்தார்.

அப்போதுதான் நர்ஸம்மா வந்தார். அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருந்த வீட்டை விட்டு ஒரு சின்ன அறைக்குப் போகிறாராம், அலமாரிக்கு அங்கே இடமில்லை. பன்னிரண்டு கோப்பை, பன்னிரண்டு தட்டு, ஒரு கூஜா. இளஞ்சிவப்புப் பூ, கையால் தீட்டியது. பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். எடை, வெளிச்சம், முத்திரை எல்லாவற்றையும் சார் மெச்சினார். பிறகு சுண்டத் தொடங்கினார். தட்டுகள் பன்னிரண்டும் தேறின. கோப்பைகளில் பதினொன்று ஊமை.

பதினொன்று என்றதும் நான் பேனாவை மூடினேன். "சார், இன்னொருதடவை பாத்துரலாமா?" என்று கேட்டேன். அதுதான் நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி. அவர் மறுபடி பதினொன்றையும் சுண்டினார். அறை முழுக்க ஓசை. அவர் தலையை ஆட்டினார். நான் எழுதினேன். நர்ஸம்மாவுக்குக் கடிதமும் நானே தட்டச்சு செய்து அனுப்பினேன்.

புதன்கிழமை காலை நர்ஸம்மா அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். சனிக்கிழமை ஏலம். நின்றபடியே பேசினார். ஒவ்வொரு மாதச் சம்பளத்திலும் ஒரு கோப்பை என்று ஓர் ஆண்டு சேர்த்தது, அடுத்த ஆண்டு ஒவ்வொரு தட்டாகச் சேர்த்தது, பிள்ளைகளைக்கூட அந்த அலமாரிப் பக்கம் விட்டதில்லை. விசேஷ நாளில் துண்டு விரித்து, அதன்மேல் வைத்துக் கழுவியது. "பதினொண்ணு உடைஞ்சிருக்குன்னு எழுதியிருக்கீங்க. யார் உடைச்சா, நானா?"

சார் பொறுமையாக ஒரு கோப்பையை எடுத்தார். இப்படி ஆட்கள் வருவது வழக்கம்தான். கண்ணுக்குத் தெரியாதும்மா, ஓசையில்தான் தெரியும் என்று விளக்கினார். சுண்டினார். கிணிங் என்று அது அறை முழுக்க ஓடியது. "பாத்தீங்களா? டொக்குன்னு நிக்குது."

நர்ஸம்மா அவர் முகத்தையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன்.

அவர் கோப்பையை வாங்கிக்கொண்டு, சாருடைய நாற்காலியைச் சுற்றி அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து விளிம்பில் தட்டினார். வாசலில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த பேக்கிங் அண்ணன் திரும்பினார். நான் நிமிர்ந்தேன். சார் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நர்ஸம்மா இன்னொரு முறை, இன்னும் பலமாகத் தட்டினார். பக்கத்து அறையிலிருந்து முதலாளியம்மா எட்டிப் பார்த்தார். சார் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்து, தூசி போய்விட்டதா என்று பார்த்தார்.

நர்ஸம்மா முன்னால் வந்தார். கொண்டுவந்த கோபம் அவரிடம் இல்லை. கோப்பையை அதன் தட்டின்மேல் சத்தமில்லாமல் வைத்தார்.

"சார், வீட்ல யார்கூட இருக்கீங்க?"

"தனியாத்தாம்மா."

"அதான்," என்றார். "யாராவது இருந்திருந்தா எப்பவோ சொல்லியிருப்பாங்க."

சாருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. எங்கள் எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவரே அந்தக் கோப்பையை எடுத்து, காதோடு ஒட்டிவைத்துச் சுண்டினார். ஒரு தடவை. அடுத்த கோப்பை, ஒரு தடவை. ஆறாவதோடு நிறுத்திக்கொண்டார்.

மறுநாளுக்கே நர்ஸம்மா தெரிந்தவர்களிடம் சொல்லி அவருக்குக் காது மருத்துவமனையில் முறை வாங்கிக் கொடுத்தார். பழகிய குரல் உள்ள ஒருவரை அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள், சில சோதனைகளை அந்தக் குரலில்தான் செய்வார்களாம். சார் மேசையைச் சுற்றி என் பக்கம் வந்து நின்றார். "உன் குரல்தான் இருக்கு," என்றார்.

கண்ணாடி அறைக்குள் அவர், வெளியே ஒலிவாங்கி முன்னால் நான். கொடுத்த தாளிலிருந்து நான் ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன், அவர் திருப்பிச் சொன்னார். ஒன்றிரண்டு தவிர எல்லாம் சரி. பிறகு கருவியின் ஓசைகள். கேட்டால் கையை உயர்த்த வேண்டும். தாழ்ந்த ஓசைக்கெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளை போல உடனுக்குடன் உயர்த்தினார். மேலே போகப் போகக் கை தாமதமானது. அப்புறம் மடியிலேயே இருந்தது. உயர்ந்த ஓசைகள் போய்விட்டன, வயதோடு வருவதுதான், போனது திரும்பாது, காதுக் கருவி போட்டால் பேச்சுக்கு உதவும், கோப்பை ஓசைக்கு உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். வீட்டில் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லையா என்று கேட்டார்.

சார் யோசித்தார். "அலாரம் அடிக்கலன்னு மூணு கடிகாரம் மாத்தினேன்," என்றார். "மூணுமே மட்டமான சரக்குன்னு நெனச்சேன்."

டாக்டர் சிரித்தார். சாரும் கூடச் சிரித்தார்.

திரும்பி வந்ததும் அவர் வேலையைத் தொடவில்லை. மஞ்சள் சீட்டுகளின் அடிக்கட்டைகள் இருந்த பெட்டியை இறக்கச் சொன்னார். மாதம் மாதமாகப் பிரித்தோம். முன்பெல்லாம் நூறு கோப்பைக்கு மூன்றோ நான்கோ ஊமை. ஒரு மாதத்தில் அது ஏழாகிறது. அடுத்து பதினொன்று, பத்தொன்பது. இந்த மழைக்குப் பிறகு பாதிக்கு மேல். ஏழு வந்த அடிக்கட்டையைத் தனியே எடுத்து வைத்தார். பதினேழு மாதங்களுக்கு முந்தைய தேதி. அவருடைய காது எப்போது போனது என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே குறிப்பு அதுதான், அதுவும் என் கையெழுத்தில்.

"நான் கேட்டிருக்கணும் சார். எனக்குக் கேட்டுச்சு," என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "மஞ்சள் சீட்டோட எத்தன பேர் வித்தாங்கன்னு எண்ணு," என்றார்.

முப்பத்து நான்கு பேர்.

வெள்ளிக்கிழமை முதலாளியம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. சாரை வேலையை விட்டு அனுப்பும் எண்ணமும் அவருக்கு இல்லை, பார்வைக்கும் எடைக்கும் முத்திரைக்கும் அவரை விட்டால் ஆள் கிடையாது. ஆனால் நாளை நூறு வியாபாரிகள் வருகிறார்கள். காதில்லாதவர் மதிப்பிட்ட சாமான் என்று ஒரு வாய்க்குப் போனால் ஊர் வாய்க்குப் போய்விடும். காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடலாம் என்றார். பட்டியலில் எழுத்துப் பிழை, மஞ்சள் சீட்டு தவறி ஒட்டப்பட்டது, அவ்வளவுதான். "டிகிரி தப்பா எழுதிட்டான்னு போட்டுருவோம். சின்னப் பையன், யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க."

நான் உடனே தலையாட்டினேன். எனக்கு அது ஒரு விடுதலை மாதிரிகூட இருந்தது.

"அவன் தப்பா எழுதலம்மா," என்றார் சார். "நான் சொன்னத எழுதினான்."

"அது எனக்குத் தெரியாதா? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். நாளைக்கு அத்தன பேர் முன்னாடி உங்க பேர் கெட்டுப்போகும்."

"எனக்கு என்ன பேர் இருக்கும்மா? அந்தச் சத்தத்த வெச்சுதான் கூப்பிடுறாங்க."

நாளை நீங்களே பார்த்துச் செய்யுங்கள் என்று முதலாளியம்மா எழுந்துகொண்டார்.

சனிக்கிழமை கூடம் நிறைந்தது. கோப்பைகளின் முறை வருமுன் சார் மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றார். எழுதி எடுத்து வந்திருந்த தாளைப் பிரித்து, பிறகு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். தனக்கு மெல்லிய ஓசை கேட்பதில்லை, மஞ்சள் சீட்டு ஒட்டிய நாற்பத்தொரு கோப்பைகளையும் நீங்களே தட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்றார்.

முன்வரிசையில் இருந்த தடித்த வியாபாரி ஒருவர், எங்கள் பழைய வாடிக்கைக்காரர், காலை நீட்டிக்கொண்டு கேட்டார்: "அப்ப போன வருஷம் நீங்க நல்லாருக்குன்னு சொல்லி என் தலையில கட்டினதெல்லாம்?"

கூடத்தில் சிரிப்பு. சார் அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"அதுல உங்களுக்குப் பயமே வேண்டாம். கேக்காத காது, இருக்கிற சத்தத்த இல்லன்னு சொல்லும். இல்லாத சத்தத்த இருக்குன்னு சொல்லாது. உங்கள்ல வாங்கின யாரும் ஏமாறல." மஞ்சள் சீட்டுகளைக் காட்டினார். "வித்தவங்கதான் ஏமாந்தாங்க."

வியாபாரி நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். பிறகு அவரே முதல் ஆளாக எழுந்து வந்தார்.

ஒவ்வொருவராக மேசைக்கு வந்து தட்டினார்கள். நகத்தால், பேனாவால், மோதிரத்தால். கொஞ்ச நேரத்தில் ஐந்தாறு கோப்பைகள் ஒரே சமயத்தில் ஒலித்தன. ஒன்று அடங்குமுன் இன்னொன்று. வந்தவர்கள் ஏலத்தையே மறந்துவிட்டு விளையாட்டுப் போலத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சார் மேசையின் மறுபக்கத்தில் நின்று கோப்பையைப் பார்க்காமல் தட்டுகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். புருவம் உயர்ந்தால் கையை நீட்டி அந்தக் கோப்பையின் மஞ்சள் சீட்டைப் பிரித்தெடுத்தார். நாற்பது சீட்டுகளைப் பிரித்தார். ஒரே ஒரு கோப்பையைத் தட்டிய பெண்மணியின் முகம் மட்டும் அப்படியே இருந்தது. அவர் மூன்று இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். சார் அந்தச் சீட்டைக் கட்டைவிரலால் அழுத்தி இன்னும் நன்றாக ஒட்டினார்.

நர்ஸம்மாவின் தொகுப்பு கலையாமல் ஒரே கைக்குப் போனது. அவர் பின்வரிசையில் இருந்து பார்த்துவிட்டு, சாரிடம் வந்து காதுக் கருவி வாங்க எப்போது போகிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமையிலிருந்து எங்கள் படிவத்தில் 'ஓசை' என்ற கட்டத்தை நான் நிரப்புகிறேன். சார் மற்றவற்றைச் சொல்வார், கோப்பையை என் பக்கம் நகர்த்துவார், தன் வேலையைப் பார்ப்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த முதல் திங்கட்கிழமை மாலை கடை அடைத்ததும் தன் அறைக்குப் போகாமல் முப்பத்து நான்கு முகவரிகள் எழுதிய தாளோடு என் முன்னால் நின்றார். முதல் வீட்டுக்கு நானும் போனேன்.

அது ஒரு தையல்காரரின் வீடு. முன்னறையே கடை. ஆறு கோப்பைகள் கொடுத்தவர், ஆறும் ஊமை. சார் வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். விற்றுப்போனதைத் திருப்பி வாங்க வழியில்லை, ஆனால் ஆறும் ஊமையாக இருக்க வாய்ப்பே இல்லை, தன் காதுதான் பழுது என்றார். தையல்காரர் மிஷினை நிறுத்தினார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றி மடியில் வைத்தார்.

"நீங்க பாட்டுக்கு இப்ப வந்து சொல்றீங்க," என்றார். "அன்னைக்கு உங்க கடுதாசி வந்ததும் நான் என் வீட்டுக்காரியத்தான் புடிச்சேன். கழுவும்போது எங்கயோ போட்டு இடிச்சிருக்கன்னு. அவ இல்லவே இல்லன்னா. நான் விடல. ரெண்டு மாசம் சரியாப் பேசிக்கல நாங்க."

இது சாரின் கணக்கில் இல்லாத சேதம்.

தையல்காரர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அந்த அம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "இவர் என்னமோ சொல்றார், கேளு."

சார் மறுபடி சொன்னார். நீங்கள் கோப்பையை இடிக்கவில்லை, அது நல்லபடியாகத்தான் இருந்திருக்கும், நான்தான் தவறாகச் சொன்னேன். வேண்டியதைவிடச் சத்தமாகவே சொன்னார். அந்த அம்மாள் முழுவதும் கேட்டார். கணவர் மறுபடி மிஷின் பக்கம் திரும்புவதைப் பார்த்தார்.

"இன்னொருதடவ சொல்லுங்க," என்றார். "அவர் காதுல நல்லா விழட்டும்."

சார் மூன்றாம் முறை சொன்னார். அந்த அம்மாள் எங்களை உட்காரச் சொன்னார், இன்னும் பல வீடுகளுக்குப் போக வேண்டியிருக்கிறது என்றார் சார்.

தெருவுக்கு வந்ததும் தாளில் முதல் வரியைப் பேனாவால் அடித்தார். அடுத்த வீடு எந்தப் பக்கம் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "நீ வீட்டுக்குப் போ டிகிரி. உனக்கு ஆள் காத்துட்டிருப்பாங்க," என்றார். கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு நடந்தார். மூன்றாவது கதவின் முன் நின்று எண்ணைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், அது இல்லை என்று அடுத்த கதவுக்குப் போனார்.